மாடல் டெஸ்ட் எழுதியும் மார்க் ஏறவில்லை

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் பாலக்கோடு. சிவில் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கட்டுமான சைட்டில் வேலை பார்க்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வுக்கும் மத்திய அரசின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வான எஸ்.எஸ்.சி. ஜே.இ.க்கும் சேர்த்துப் படிக்கிறேன். வாரம் மூன்று மாடல் டெஸ்ட் எழுதுகிறேன். ஆனாலும் பாடத்தாளில் 200 கேள்விக்கு 110, 115 சரியாக வந்தாலே பெரிய விஷயம். வேலையை விட்டுவிட்டு சென்னையில் கோச்சிங் சேரலாமா? தெரியாத கேள்வியைக் குத்துமதிப்பாக அடிக்கலாமா, விட்டுவிட வேண்டுமா?

சி., ஓசூர்

அன்புள்ள சி.,

வாரம் மூன்று டெஸ்ட் அதிகம். ஒன்று போதும், மிச்ச நேரம் அந்த ஒன்றைப் பிரித்து மேயத்தான். விடையைப் பார்த்து "ஓ, இதுவா" என்று டிக் போட்டுவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போனால் மார்க் நின்ற இடத்திலேயேதான் நிற்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் (இரு முனையும் தாங்கிகள் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது), முழு நீளத்துக்கும் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பளு, அகலம் 300 மி.மீ., ஆழம் 600 மி.மீ. அதிகபட்ச பெண்டிங் ஸ்ட்ரெஸ், அதாவது வளைவதால் உண்டாகும் தகைவு, எவ்வளவு? பளுவை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் மொமெண்ட் 90 கிலோநியூட்டன் மீட்டர், அதாவது 9 கோடி நியூட்டன் மி.மீ. செக்‌ஷன் மாடுலஸ் (அகலத்தை ஆழத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தது) 1.8 கோடி கன மி.மீ. மொமெண்டை இதனால் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன். ஆப்ஷனில் 3.33, 5, 10, 20 என்று கொடுத்திருப்பார்கள். அகலத்தையும் ஆழத்தையும் மாற்றிப் போட்டால் 10 வரும். ஒரு முனை மட்டும் பிடித்த கான்டிலீவர் என்று நினைத்து 8-க்குப் பதில் 2-ஆல் வகுத்தால் (நம்மூர் சன்ஷேடு கணக்கு) 20. இரு முனையும் ஃபிக்ஸ்டு என்று 12-ஆல் வகுத்தால் 3.33. எந்தத் தவறான விடையை அடித்தீர்கள் என்பதிலேயே அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பது இருக்கிறது. 10 அடித்தவருக்குப் பாடம் தெரியும், படம் போட்டுப் பார்க்கவில்லை. 20 அடித்தவர் பீம் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். இருவருக்கும் போன மார்க் ஒன்றேதான், மருந்து வேறு.

ஒரு நோட்டில் தவறுகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தெரியாதது, தெரிந்தும் விட்டது, நேரம் போதாமல் விட்டது. மூன்றாவதை லேசாக நினைக்காதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. பாடத்தாளில் மூன்று மணி நேரத்துக்கு 200 கேள்வி, ஒன்றுக்கு 54 வினாடி. எஸ்.எஸ்.சி. முதல் தாளில் இரண்டு மணி நேரத்துக்கு 200, ஆக 36 வினாடிதான். அதற்குள் ரீசனிங், பொது அறிவு, சிவில் எல்லாம்.

சைட்டில் இருப்பது உங்களுக்கு லாபம். கான்கிரீட் சோதனைக்கு 150 மி.மீ. க்யூப், 28 நாள் ஸ்ட்ரென்த், சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டின் இனிஷியல் செட்டிங் (இறுகத் தொடங்கும் நேரம்) 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஃபைனல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தூணில் (காலம்) குறைந்தது 0.8 சதவீதக் கம்பி, முறுக்குக் கம்பி போட்ட ஸ்லாபில் 0.12 சதவீதம். இவையெல்லாம் நேரடியாகக் கேட்கப்படும் ஒரு வரிக் கேள்விகள். குடிநீர்ப் பாடமும் அப்படித்தான். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து அதை நீக்குவார்கள். இதே ஃப்ளோரைடு பிரச்சினையால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதோடு சேர்த்துப் படித்தால் பொது அறிவுக்கும் உதவும்.

குத்துமதிப்பு விஷயம் தேர்வுக்குத் தேர்வு மாறும். டி.என்.பி.எஸ்.சி.யில் நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு கேள்வியையும் விடாதீர்கள். எஸ்.எஸ்.சி. முதல் தாளில் தவறுக்கு கால் மார்க் போகும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடி அடித்தால் சராசரியாகக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு மார்க், அதாவது ஒன்றுமில்லை. ஒரு ஆப்ஷன் தவறு என்று உறுதியாக நீக்கிவிட முடிந்தால் ஆறில் ஒரு பங்கு, அப்போது துணியலாம். இரண்டாம் தாளில் சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு. அங்கே கண்ணை மூடி அடித்தால் கணக்கு பூஜ்யம்.

டி.என்.பி.எஸ்.சி.யின் தமிழ்த் தகுதித் தாளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்தாம் வகுப்புத் தரம், 150க்கு 60 கட்டாயம். அது வராவிட்டால் பாடத்தாளில் எவ்வளவு எடுத்தும் பிரயோஜனம் இல்லை. கல்லூரிக்குப் பிறகு இலக்கணம் தொடாதவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களுக்கு இரவில் அரை மணி ஒதுக்குங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். இரண்டு மாதம் அந்த நோட்டை வைத்துப் பாருங்கள். "தெரியாதது" பாதிக்கு மேல் இருந்தால், எந்தப் பாடங்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றனவோ அவற்றுக்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொள்ளலாம். "தெரிந்தும் விட்டது" அதிகம் என்றால் எந்தக் கோச்சிங்கும் அதைச் சரிசெய்யாது. ஞாயிறு காலை தேர்வு நேரத்திலேயே ஒரு முழுத் தாள் எழுதி, மதியம் முழுக்க அதைத் திருத்துங்கள்.