டிடென்ஷன் சென்டர் கம்பெனிக்கு பணம் கொடுத்தா தம்பியை விட்டுடுவாங்களா?

கேள்வி: தம்பி கலிஃபோர்னியால அடெலான்டோ டிடென்ஷன் சென்டர்ல, அதாவது குடியேற்ற கேஸ்ல பிடிச்சவங்களை அடைச்சு வைக்கிற இடத்துல இருக்கான். அதை நடத்துறது ஜியோ குரூப்னு ஒரு தனியார் கம்பெனி, உள்ள எனக்கு ஆள் இருக்கு, ஐயாயிரம் டாலர் கொடுத்தா வெளிய எடுத்துடலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். அனுப்பலாமா?

பதில்: ஒரு டாலர் கூட அனுப்பாதீங்கம்மா. அந்த கம்பெனி சாப்பாடு போடும், கதவை பூட்டும், அதுக்கு அரசாங்கத்துகிட்ட காசு வாங்கும், அவ்வளவுதான். யாரை விடுறதுன்னு முடிவு பண்றது ஐஸ்ங்கிற குடியேற்றத் துறை, இல்லன்னா இமிக்ரேஷன் ஜட்ஜ். இந்த மாதிரி கம்பெனிங்களோட ஒப்பந்தம் பலதுல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் இத்தனை பெட்டுக்கு காசு உண்டுன்னே இருக்கும். உள்ள இருக்கிறவங்களையே கூட்டி துடைக்க வச்சிட்டு நாளுக்கு ஒரு டாலர் கொடுக்கிற சிஸ்டம் இது, இங்க போய் இரக்கத்தை எதிர்பார்க்காதீங்க.

சட்டப்படி இருக்கிற வழி பாண்ட், அதாவது ஜாமீன் பணம். குறைஞ்சது 1,500 டாலர், ஜட்ஜ் எவ்வளவு வேணா ஏத்தலாம். அதை ஐஸுக்குத்தான் கட்டணும், தம்பி எல்லா ஹியரிங்குக்கும் ஒழுங்கா போய் சொன்னபடி நடந்துகிட்டா கேஸ் முடிஞ்சதும் முழுசா திரும்ப வரும். ஆனா யார் பேர்ல கட்டினீங்களோ அவங்களுக்குத்தான் வரும், ஏஜென்ட்டுங்க விளையாடுறதே இங்கதான், உங்க காசை வாங்கி அவன் பேர்ல கட்டிட்டு ரீஃபண்டையும் அவனே சுருட்டிடுவான், நீங்க இங்க உக்காந்து வாட்ஸ்ஆப்ல கெஞ்சிட்டு இருக்கணும். அதனால அங்க கிரீன் கார்டு இருக்கிற சொந்தக்காரர் யாராவது கட்டட்டும், ஒரிஜினல் ரசீதை பத்திரமா வச்சுக்கட்டும். உங்களுக்காக நாங்க பாண்ட் கட்டுறோம்னு சொல்லி, கால்ல ஜிபிஎஸ் கட்டி மாசாமாசம் வாடகை கேக்கிற கம்பெனி பக்கமே போகாதீங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. தம்பி ஏர்போர்ட்லயோ பார்டர் கேட்லயோ நேரா போய் அடைக்கலம் கேட்டிருந்தா ஜட்ஜால பாண்ட் கொடுக்க முடியாது, ஐஸ்கிட்ட பரோல்தான், அதாவது தற்காலிகமா வெளிய விடுற அனுமதிதான் கேக்கணும். வேலி தாண்டி போனவங்களுக்கு முன்னாடி பாண்ட் கிடைச்சிட்டு இருந்துச்சு, 2025 ஜூலைல அதுவும் கிடையாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு, செப்டம்பர்ல இமிக்ரேஷன் அப்பீல் போர்டும் அதையே சொன்னுச்சு, அதை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்ல ஏகப்பட்ட கேஸ், ஒரு ஜட்ஜ் ஒண்ணு சொன்னா இன்னொருத்தர் வேற சொல்றார், மனுஷன் உள்ளயே கிடக்கிறான். அதனால எப்படி உள்ள போனான்னு தம்பிகிட்ட முதல்ல தெளிவா கேளுங்க.

இமிக்ரேஷன் கோர்ட்ல அரசாங்கம் இலவச வக்கீல் தராது. ஆனா இலவசமா வாதாடுற அமைப்புகளோட லிஸ்ட் அந்த கோர்ட்லயே இருக்கு. அவங்களுக்கு போன் போடும்போது தம்பியோட ஏ-நம்பர் (குடியேற்றத் துறை அவனுக்கு கொடுத்த அடையாள நம்பர்) கையில இருக்கட்டும், அந்த ஒன்பது இலக்கமும் பிறந்த நாடும் இருந்தா ஐஸ் லொக்கேட்டர்ங்கிற வெப்சைட்ல அவன் எந்த சென்டர்ல இருக்கான்னு நீங்களே பார்க்கலாம், ஏஜென்ட் இதுக்கும் தனியா ஃபீஸ் கேப்பான்.