‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறது பள்ளி: எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஆட்டிசம், 50 சதவீதம் என்று சான்று இருக்கிறது. அடையாள அட்டையும் வாங்கிவிட்டோம். வகுப்பில் எழுந்து நடக்கிறான், சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். “மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள். சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். இங்கேயே படிக்க வேண்டுமென்றால் உங்கள் செலவில் ஓர் உதவியாளரை அனுப்புங்கள்” என்கிறார் முதல்வர். டி.சி. கேட்டுக் கடிதம் எழுதித் தரவும் சொல்கிறார். தரலாமா? சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்தக் கடிதத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அது. 2019-இல் இந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்க வழி செய்தார்கள். நீக்கக் கூடாது என்பதில் கை வைக்கவில்லை. முதல்வருக்கும் இது தெரிந்திருக்கும். அதனால்தான் அவர் நீக்கவில்லை, உங்களிடம் கடிதம் கேட்கிறார். நீங்கள் கையெழுத்திட்டால் கோப்பில் ‘பெற்றோர் விருப்பத்தின்பேரில்’ என்று ஏறிவிடும். பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் “நீங்கள்தானே கேட்டீர்கள்?” என்பார்கள்.

ஒன்றை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்: அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியா? ஆம் என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புப்படி கல்வி உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அப்போது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல்வர் பேசுவது பழைய காலத்துப் பேச்சு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பதில் சொல்வது எளிது. பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகள் பாளையங்கோட்டையில் 1890-களிலேயே, மிஷனரிப் பெண்களின் முயற்சியால் நடந்துகொண்டிருந்தன. வேறு யாரும் சீண்டாத குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த இடங்கள் அவை. சிறப்புப் பள்ளி என்றாலே தாழ்வு என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ‘இவர்களுக்கு வேறு இடம்’ என்ற எண்ணமும் அந்த வழியில்தான் ஊன்றியது. மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்க மத்திய அரசு 1974-இல் தனித் திட்டம் கொண்டுவந்தது. அதிலும் பிள்ளைதான் பள்ளிக்கு ஏற்ப மாறவேண்டியிருந்தது. பள்ளி அப்படியே இருந்தது. 1995 சட்டம் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி என்று உறுதி தந்தது. பொதுப்பள்ளியில் சேர்ப்பதற்கோ ‘முயல வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. அது பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் கிடையாது. அன்றைய கணக்கில் உங்கள் மகன் இல்லவே இல்லை.

2007-இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றபின் நிலைமை மாறியது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இடம்பெற்றன. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. உங்களுக்கு வேண்டியது அதன் 31-ஆம் பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள, 6 முதல் 18 வயதுவரையிலான குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. எது என்பது குழந்தையின் தேர்வு. பள்ளி நிர்வாகத்துக்கு அந்தத் தேர்வில் இடமில்லை. வீட்டிலிருந்து படிக்கும் வழியும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதைத் தந்தது, அதுவும் அவர்கள் விரும்பினால்.

இலவசம் என்றதும் இப்போதைய தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் இலவசமாகத் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அது நுழைவு வகுப்புக்கு மட்டும்.

பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் இருக்கிறது: பாகுபாடின்றிச் சேர்ப்பது, அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தருவது, தனிப்பட்ட உதவி அளிப்பது. அரசின் நிதி பெறும் பள்ளிகளோடு, அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிகளும் இதில் அடங்கும். ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்பள்ளிகள் இவற்றைச் செய்யும்படி அரசு ‘முயல வேண்டும்’ என்றுதான் இந்தப் பிரிவும் தொடங்குகிறது. 1995-இன் அதே வினைச்சொல்! பள்ளியின் வழக்கறிஞர் அதில்தான் தொங்குவார். எனவே கடிதத்தில் இந்தப் பிரிவை மட்டும் நம்பாமல், கல்வி உரிமைச் சட்டத்தின் நீக்கத் தடையையும் இந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

உதவியாளர் விஷயம். பெற்றோர் தங்கள் செலவில் ஆள் அனுப்ப வேண்டும் என்று இந்த இரு சட்டங்களிலும் ஒரு வரிகூட இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் எத்தனை மாணவருக்கு ஒருவர் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போய், 2021-இல் இடைக்கால அளவுகளும் வகுக்கப்பட்டன. உங்கள் பள்ளியில் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்களே சில மாதங்களுக்கு ஒருவரை அனுப்ப விரும்பினால் தடையில்லை. அனுப்பினால்தான் பையனுக்கு இடம் என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள்.

இனி நீங்கள் எழுத வேண்டிய கடிதம். ஒரு பக்கம் போதும். “இன்ன தேதியில் நேரில் பேசியபோது எங்கள் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளச் சொன்னீர்கள். எங்களுக்கு அதில் விருப்பமில்லை” என்று தொடங்குங்கள். சான்றின் நகலை இணையுங்கள். பிறகு செய்யக்கூடிய உதவிகளைக் கேளுங்கள்: மணியோசைக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்கை, காது அடைக்கும் கருவியை அணிய அனுமதி, சத்தம் தாங்காதபோது ஐந்து நிமிடம் போய் உட்கார ஓர் அமைதியான இடம், அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்த ஓர் அட்டை. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. மறுத்தால் ஏன் என்று பள்ளிதான் விளக்க வேண்டிவரும். நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்கு வாய்ப்பேச்சு என்று போனால் பள்ளிக்குத்தான் வசதி.

பதில் வரவில்லை என்றால், தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் நகலோடு மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரணையில் ஆட்களை வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு, ஆனால் இறுதியில் அவர் தருவது பரிந்துரை. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய்வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் ஐந்து லட்சம்வரை. முதல் தொகைக்கு எந்தத் தனியார் பள்ளியும் அஞ்சாது. அங்கீகாரம் தரும் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் அசையும்.

வீட்டில் எல்லோரும் யோசித்து, வேறு பள்ளிதான் நல்லது என்று முடிவெடுத்தால் அதிலும் தவறில்லை. கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போய், அருகிலுள்ள எந்த அரசுப் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். சிறப்புப் பள்ளி என்றால், ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து பாருங்கள். புதிய பள்ளியில் இடம் உறுதியான பிறகே டி.சி. கேளுங்கள். அதைத் தராமல் இழுத்தடித்தாலும் கவலை வேண்டாம், டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது.