ஆறடிச் சறுக்குமரத்தின் கீழே 15 மி.மீ. ரப்பர் போதுமா?

கேள்வி: எங்கள் மாநகராட்சிப் பூங்காவில் குழந்தைகள் விளையாடும் இடத்து மணலை அள்ளிவிட்டு, கான்கிரீட் போட்டு, அதன்மேல் 15 மி.மீ. கனத்தில் வண்ண ரப்பர் தளம் அமைத்துத் தருவதாக ஓர் ஒப்பந்ததாரர் நலச்சங்கத்தில் சொல்லியிருக்கிறார். நாய்கள் மணலை அசுத்தம் செய்வதால் பாதிப் பேர் ரப்பர் கேட்கிறார்கள். மற்றவர்கள் மணலை விட மறுக்கிறார்கள். சறுக்குமரத்தின் மேடை ஆறடி உயரம். எதற்கு ஒப்புக்கொள்வது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: அந்த 15 மி.மீ. தளத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது ஓட்டப் பாதைக்குப் போடும் கனம். ஆறடி உயரத்திலிருந்து தலைகுப்புற விழும் குழந்தைக்கு அதன் அடியிலுள்ள கான்கிரீட்தான் மிஞ்சும். அந்த உயரத்துக்கு, தயாரிப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 60 முதல் 90 மி.மீ. வரை தேவைப்படும்.

வண்ணம் தெரியும் மேலடுக்கு தேய்மானத்துக்கும் அழகுக்கும்தான். அடியைத் தாங்குவது, பழைய டயரைத் துருவிப் பசையில் குழைத்துப் போடும் கறுப்பு அடியடுக்கு. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் கைவைப்பதும் அங்கேதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்பவர்கள் கனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. எனவே இரண்டு அடுக்குகளின் கனமும் தனித்தனியே எழுத்தில் வேண்டும் என்றும், எவ்வளவு உயர வீழ்ச்சிக்கு இந்தத் தளம் சோதிக்கப்பட்டது என்பதற்கு இ.என். 1177 என்ற ஐரோப்பியத் தரப்படியோ ஏ.எஸ்.டி.எம். எஃப் 1292 என்ற அமெரிக்கத் தரப்படியோ பெற்ற சான்று வேண்டும் என்றும் கேளுங்கள். தளம் போடும் அன்று, ஓரத்தை அடைப்பதற்கு முன், ஒருவர் அடிக்கோலை வைத்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் பூங்காவுக்கு மணலே பொருத்தம் என்பது என் கருத்து. மே மாத நண்பகலில் வெயில் படும் ரப்பர் வெறுங்காலைச் சுடும். மழைநீர் தேங்கும் உங்கள் பகுதியில் இன்னும் ஒரு திட்டுக் கான்கிரீட் எதற்கு என்றும் புரியவில்லை. ஆனால் மணல் என்ற பெயரில் எம்-சாண்ட் கொட்டிவிட்டுப் போவார்கள், ஏமாந்துவிடாதீர்கள். உடைத்த கல்லின் கூர்முனைத் துகளும் தூசியும் ஒரு மழைக்குப் பிறகு இறுகித் தரையாகிவிடும். உருண்டை மணிகளாக உள்ள, தூசி அலசிய மணல், குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்கு வேண்டும். விரல்களை நீட்டி அழுத்தினால் கை மணிக்கட்டுக்கு மேலும் இறங்க வேண்டும்; விரல் நுனியிலேயே நின்றால் அது மணல்தளம் அல்ல. ஊஞ்சலின் கீழே கால் தேய்த்துப் பள்ளமாகும் மணலை வாரந்தோறும் இழுத்து நிரப்ப வேண்டும். நாய்களுக்கு வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் போதும். திறப்பு விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் கிடைக்கும் பணம் ஒரு மண்வாரிக்கும் அதைப் பிடிக்கும் ஆளுக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் நம் பூங்காக்களின் தீராத வியாதி.

ஒரே ஒரு விதிவிலக்கை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி மணலில் உருளாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகும், ஒரு குழந்தையை வேலிக்கு வெளியே நிறுத்தி வேடிக்கை பார்க்கவிடும் தளத்தைப் பொதுப்பணத்தில் அமைப்பது முறையல்ல. அப்படி யாரும் இங்கே வருவதில்லை என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். வழி இல்லாததால் வராதவர்களைத்தான் அவர் எண்ணாமல் விடுகிறார். வாயிலிலிருந்து ஒரு ஊஞ்சல் வரைக்கும், ஒரு தாழ்வான விளையாட்டு மேடை வரைக்கும், இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அகலத்தில் ரப்பர் பாதை போடுங்கள். அந்த ஊஞ்சலின் கீழே மட்டும் உரிய கனத்தில் ரப்பர் இருக்கட்டும். ரப்பர் கேட்கும் தரப்பும் இதற்கு இணங்கக்கூடும்.

பணி ஏற்கெனவே டெண்டருக்குப் போயிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, பணியின் அளவு விவரப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். பதில் வர 30 நாள் வரை ஆகலாம் என்பதால், பில் தொகை வழங்கப்படுவதற்கு வெகு முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.