எகிப்து போகும் டீச்சருக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வுபெற்றவள். எகிப்துப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. கரும்பலகையில் முக்கோணம் வரைந்து 'இதுதான் பிரமிடு' என்று சொல்லும்போதெல்லாம் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது மகள், 'பணம் நான் தருகிறேன், போய்விட்டு வாருங்கள்' என்கிறாள். ஒரு டிராவல்ஸில் ஆறு நாள் பேக்கேஜ் சொல்லியிருக்கிறார்கள். கெய்ரோ, பிரமிடு, ஒட்டகச் சவாரி, நைல் படகில் இரவு விருந்து, பாப்பிரஸ் என்ற கோரைத்தாள் விற்கும் கடை, அத்தர் கடை, ஒரு நாள் அலெக்சாண்ட்ரியா. இது போதுமா?

இன்னொன்று. என் கணவர், 'வாழ்நாள் முழுக்கச் சாவையே நினைத்துக்கொண்டிருந்த ஜனங்கள். அடிமைகளைச் சவுக்கால் அடித்துச் சமாதி கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவா இத்தனை லட்சம்? அதற்குக் காசிக்குப் போகலாம்' என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முட்டி வலி உண்டு. சுத்த சைவம். மம்மியின் சாபம் உண்மையா என்று உங்களிடம் கேட்கச் சொன்னான் பேரன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

*

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பேக்கேஜ் வேண்டாம். ஆறு நாளில், பழைய கோயில்களும் அரசர் கல்லறைகளும் உள்ள லக்சரே இல்லாத எகிப்துப் பயணத்தை எப்படித்தான் போடுகிறார்களோ தெரியவில்லை. பாப்பிரஸ் கடையிலும் அத்தர் கடையிலும் உங்களை உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். நீங்கள் வாங்கும் பொருளில் கூட்டி வந்தவருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கடைகள் பட்டியலில் இருக்கின்றன. அலெக்சாண்ட்ரியா நல்ல ஊர், கடற்காற்று, பழைய காபிக் கடைகள். ஆனால் நீங்கள் பாடம் நடத்திய கலங்கரை விளக்கம் அங்கே இல்லை, அது இருந்த இடத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று நிற்கிறது. பழைய நூலகமும் இல்லை, இப்போதிருப்பது 2002இல் திறந்தது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அந்த நாளை மிச்சம் பிடியுங்கள்.

இனி உங்கள் வீட்டு சார் சொன்னது. காசிக்குப் போகச் சொல்பவர் சாவைப் பற்றிக் குறைப்படுவது கொஞ்சம் வேடிக்கைதான். இருந்தாலும் கேள்வி நியாயமானது, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எகிப்தியர்கள் சாவையே நினைத்துக்கொண்டிருந்ததாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் மண். அவர்கள் வீடுகளைப் பச்சைச் செங்கல்லில் கட்டினார்கள். அரண்மனையும் பெரும்பாலும் அதே செங்கல்தான். அவையெல்லாம் நைல் ஓரத்தில், விளைநிலத்தை ஒட்டி இருந்தன. வருஷா வருஷம் வெள்ளம் வந்தது, வண்டல் ஏறியது, பழைய வீட்டின் மேல் புது வீடு வந்தது. மிச்சமிருந்த பழஞ்செங்கல்லைப் பின்னால் வந்த விவசாயிகள் வெட்டியெடுத்து வயலுக்கு எருவாகப் போட்டார்கள். கல்லறையை மட்டும் வெள்ளம் தொடாத பாலைவன ஓரத்தில், கல்லில் செய்தார்கள். ஊர் போய்விட்டது, இடுகாடு நின்றுவிட்டது. ஒரு சமூகத்தை அதன் இடுகாட்டை மட்டும் வைத்து எடை போடுகிறோம்.

சரி, அந்த இடுகாட்டுக்குள்ளாவது என்ன இருக்கிறது? கெய்ரோவுக்குத் தெற்கே சக்காரா என்று ஓர் இடம். ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு அங்கேதான் நிற்கிறது, கீஸா பிரமிடுகளைவிடப் பழையது. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் டீ என்ற அதிகாரியின் கல்லறை திறந்திருக்கிறதா என்று விசாரித்து உள்ளே போங்கள். 4,400 வருஷப் பழசு. சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். அதில் மாடுகள் ஆற்றைக் கடக்கும் காட்சி ஒன்று. கன்றுக்குத் தண்ணீர் ஆழம் என்பதால் ஓர் ஆள் அதை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. தாய் மூஞ்சியை நீட்டிக் கத்துகிறது. தண்ணீருக்குள் இருக்கும் கால்கள் அலைக்கோடுகளின் வழியே தெரிகின்றன. நான் போனபோது காவலர் ஒருவர் வாசலில் விழுந்த வெயிலைக் கண்ணாடித் துண்டால் திருப்பி அந்தக் கன்றின் மேல் பாய்ச்சினார். (அதற்குப் பக்‌ஷீஷ், அதாவது இனாம், உண்டு. சில்லறை நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எகிப்தில் எதற்கும் அது வேண்டும்.) சாவைப் பற்றியே யோசித்தவன் அந்தக் கன்றைச் செதுக்கியிருக்க மாட்டான். செத்த பிறகும் இதெல்லாம் வேண்டும் என்று ஆசைப்பட்டவன் செதுக்கியது அது. மாடு, வாத்து, மீன், அறுவடை, ரொட்டி சுடுவது, படகுக்காரர்கள் கழியால் அடித்துக்கொள்வது, எல்லாம் இந்தக் கல்லறைகளில் இருக்கின்றன.

அடிமை, சவுக்கு விஷயம். அது சினிமா நமக்குக் கொடுத்தது. 1990இல் கீஸாவில் ஒரு குதிரை கால் இடறி விழுந்த இடத்தில் தோண்டப்போய், பிரமிடு கட்டியவர்களின் இடுகாடு கிடைத்தது. பெரிய பிரமிடுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் கல்லறை, உள்ளே ரொட்டிக்கும் பீருக்குமான ஜாடிகள். கொஞ்சம் தள்ளி அவர்கள் குடியிருந்த ஊர், ரொட்டி அடுமனைகள், மலையாகக் குவிந்த மாட்டெலும்பும் ஆட்டெலும்பும். எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, ஒழுங்காகக் கூடிய கைகளும் இருந்தன. 2013இல் செங்கடல் ஓரத்தில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் கட்டுகள் கிடைத்தன. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னன் காலத்தவை, எழுத்துள்ள பாப்பிரஸ்களில் மிகப் பழையவை. அதில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. இன்று துரா கல்குவாரியில் கல் ஏற்றினோம், இரவு அங்கேயே தங்கினோம், மறுநாள் படகில் கீஸாவுக்கு வந்தோம் என்று பக்கம் பக்கமாக. லாரி ஆபீஸ் டிரிப் ஷீட் தோற்றது போங்கள். அதற்காக அங்கே கட்டாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஊருக்கு இத்தனை பேர் என்று முறைவைத்து ஆள் பிடித்திருப்பார்கள், வராமல் இருக்க முடிந்திருக்காது. ஆனால் சந்தையில் வாங்கிய அடிமைகளைச் சங்கிலியில் கட்டி இழுத்த கதை அது இல்லை.

இதெல்லாம் பிரமிடுக்கு. உங்களை நான் அனுப்ப நினைக்கும் இடம் வேறு. லக்சரின் மேற்குக் கரையில் டெய்ர் எல்-மதீனா என்று ஒரு குட்டிப் பள்ளத்தாக்கு. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்தவர்களும், அவற்றுக்குள் படம் எழுதியவர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். சுமார் 70 வீடுகளின் அடிச்சுவர்கள் இடுப்புயரத்துக்கு நிற்கின்றன. நடுவே ஒரு சந்து. முன்கூடம், பெரிய அறை, பின்னால் அடுக்களை, நிலவறை, கூரைக்கு ஏணிப்படி என்று ஒவ்வொரு வீட்டையும் அடையாளம் சொல்லிவிடலாம். தண்ணீர் கிடையாது, கீழேயிருந்து கழுதை மேல்தான் வர வேண்டும். ஆற்றங்கரை ஊர்களைக் கொண்டுபோன வெள்ளம் இங்கே எட்டவில்லை, அதனால் தப்பிய ஊர் இது.

இந்த ஊர்க்காரர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பாப்பிரஸ் விலை அதிகம், ஆகவே சுண்ணாம்புக்கல் சில்லிலும் பானை ஓட்டிலும் கிறுக்கித் தள்ளினார்கள். சலவைக் கணக்கு, கடன் தகராறு, காதல் பாட்டு எல்லாம் உண்டு. டீச்சருக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதிய வருகைப் பதிவேடு. சுமார் 40 பேர் பெயர்கள், பக்கத்தில் வராத தேதி, மேலே சிவப்பு மையில் காரணம். தேள் கடித்துவிட்டது, கண் நோவு, சகோதரன் உடலைப் பாடம் செய்யப் போனான், பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். கடைசிக் காரணம் ஒரு தடவை இல்லை, அடிக்கடி வருகிறது.

வேலைநிறுத்தமும் இந்த ஊரில் நடந்தது. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டு, கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கூலி அப்போது தானியம்தான். அது வாரக்கணக்கில் வரவில்லை. பசி தாங்காமல் மொத்தப் பேரும் வேலையை விட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டிப்போய் அரசர்களின் நினைவுக் கோயில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். ஊர்க் கணக்கர் எழுதிவைத்தது இத்தாலியில் துரின் மியூசியத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அடிமை வேலைநிறுத்தம் செய்து, அதைக் கணக்கர் குறித்தும் வைப்பாரா என்று சாரைக் கேளுங்கள்.

ஊருக்கு மேலே சரிவில் அவர்கள் தங்களுக்கென்று குடைந்துகொண்ட கல்லறைகள். சென்னெஜெம் என்பவருடையது 1886இல் யாரும் தொடாத நிலையில் கிடைத்தது. அவர் வீடும் கூப்பிடு தூரத்தில்தான். செங்குத்தான படியில் இறங்கி, குனிந்து நுழைந்தால், ஒரு படுக்கையறை அளவுதான் இருக்கும், வளைந்த கூரை, மஞ்சள் பூச்சு. ஒரு முனைச் சுவரில் மறு உலகத்து வயல். சென்னெஜெம் ஏர் ஓட்டுகிறார், மனைவி பின்னாலேயே விதை தூவிக்கொண்டு வருகிறாள். இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்ற திருவிழாத் துணியில். சேறு ஒட்டாத உழவு. கீழே பேரீச்ச மரங்கள், வாய்க்கால். நாளெல்லாம் அரசனுக்காகப் பாதாளத்தில் பாம்புகளையும் தேவதைகளையும் எழுதியவர்கள், தங்களுக்கு என்று வரும்போது கேட்டது ஒரு துண்டு நிலமும் கூட ஒரு துணையும்தான். துட்டன்காமன் மன்னன் கல்லறைக்குத் தனி டிக்கெட் வாங்குவதைவிட இங்கே அரை மணி கூடுதலாக நில்லுங்கள் என்பேன். துட்டன்காமன் கல்லறை சின்னது, அவர் உடல் இன்னும் அங்கே இருக்கிறது, ஆனால் பொருட்கள் எல்லாம் கெய்ரோ போய்விட்டன.

ஆக, பயணத்தை இப்படி மாற்றுங்கள். ஆறு நாளை எட்டாக்க முடிந்தால் நல்லது. முதலில் லக்சர், குறைந்தது மூன்று இரவு, அதில் இரண்டு பகல் முழுக்க மேற்குக் கரை. கர்நாக் கோயிலின் 134 தூண்களைக் காலை ஆறேழு மணிக்கே போய்ப் பாருங்கள், பத்து மணிக்குமேல் பஸ் கூட்டம். லக்சர் கோயிலை மாலையில் வையுங்கள். அதற்குள்ளேயே அபுல் ஹக்காஜ் என்ற சூஃபிப் பெரியவரின் பள்ளிவாசல் இருக்கிறது, இன்றும் தொழுகை நடக்கிறது. அவர் விழாவில் தெரு வழியாகப் படகுகளை ஊர்வலம் விடுவார்கள். 3,000 வருஷத்துக்கு முன் ஆமூன் கடவுளின் படகை இதே கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் நேர்த் தொடர்ச்சி உண்டா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். தேர் இழுக்கிற ஊரிலிருந்து போகிற உங்களுக்கு அது புதிதாகத் தெரியாது.

பிறகு கெய்ரோ. பிரமிடு, சக்காரா, அப்புறம் 2025 நவம்பரில் முழுதாகத் திறந்த புதுப் பெரிய மியூசியம். துட்டன்காமனின் புதையல் முழுவதும் இப்போது அங்கே ஒரே இடத்தில். பிரமிடுக்குள் நுழைய வேண்டாம். குனிந்தபடி ஏறிப் போனால் மேலே வெறும் அறையும் காலிக் கல் பெட்டியும்தான், முட்டிக்குக் கேடு. வெளியே நின்று அடிக்கல் ஒன்றின் பக்கத்தில் போங்கள், உங்கள் தோளுக்கு வரும். அப்படி 23 லட்சம் கற்கள். அது போதும்.

அரச மம்மிகள் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள மியூசியத்தில். இரண்டாம் ராம்செஸின் மூக்குத் துவாரத்தில் மிளகு வைத்திருந்தார்கள். கி.மு. 1213இல் செத்த அரசனின் மூக்கில், மலபார்ப் பக்கத்து மிளகு. அதற்கு 1,200 வருஷங்களுக்குப் பின் நம்மவர்களே செங்கடல் துறைமுகங்களுக்குப் போய்விட்டார்கள். அவற்றில் ஒன்றான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர்கள் இருக்கின்றன. நம் பங்கு இந்த மாதிரிதான், இதுவே பெரிய விஷயம். பிரமிடைக் கட்டியதே தமிழன் என்று வாட்ஸாப்பில் வருவதை வழிகாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் லக்சர் 40 டிகிரியைத் தாண்டும். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. கோஷரி என்று ஒன்று, சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும், தெருவுக்குத் தெரு கிடைக்கும். காலையில் ஃபூல், அதாவது வேகவைத்த மொச்சை மாதிரிப் பயறு, ரொட்டியோடு. ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் நாளே தேடும்.

சாரையும் கூட்டிப்போங்கள். படி இறங்கக் கை கொடுக்க ஆள் வேண்டும். காசிக்கு அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம்.

பேரனுக்கு: துட்டன்காமன் கல்லறைத் தோண்டலுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் செத்துப்போனார், கன்னத்தில் கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கிழித்துச் சீழ்பிடித்ததால். சாபக் கதை அதிலிருந்து கிளம்பியது. முதலில் உள்ளே எட்டிப்பார்த்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார்.