பற்றரிக்கும் பொலிசுக்கும் ஒரே ‘சார்ஜ்’

கேள்வி: போனுக்குச் ‘சார்ஜ்’ போடுகிறோம். சாப்பாட்டுக் கடை பில்லில் ‘சேர்விஸ் சார்ஜ்’ வருகிறது. பொலிஸ் செய்தியிலும் அதே சொல். மூன்றும் ஒன்றா? (வாசகி, கொக்குவில்)

பதில்: ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. சுமை ஏற்றுதல் என்று பொருள். அதன் வேர் வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல். ‘கார்’, ‘கார்கோ’ இரண்டும் அதன் சொந்தக்காரர். பற்றரியில் மின் ஏறுகிறது, வாடிக்கையாளர் தலையில் காசு ஏறுகிறது, பிடிபட்டவர் மேல் குற்றம் ஏறுகிறது. நாமும் குற்றத்தைச் ‘சுமத்த’த்தானே செய்கிறோம்!

பிள்ளைகள் புள்ளி இழப்பது பின்னால் வரும் சிறு சொல்லில். காசென்றால் ‘ஃபோர்’: ‘ஹி சார்ஜ்ட் மீ 500 ருபீஸ் ஃபோர் த ரிப்பெயர்.’ குற்றமென்றால் ‘வித்’: ‘ஹி வோஸ் சார்ஜ்ட் வித் தெஃப்ட்.’ இங்கே ‘ஃபோர்’ போட்டால் பிழை. ‘அக்யூஸ்’ (குற்றஞ்சாட்டுவது) என்றால் ‘ஒவ்’ வரும். அயலவரும் அயலவரை ‘அக்யூஸ்’ பண்ணலாம், ‘சார்ஜ்’ சட்டப்படி நடப்பது. கைதானவுடனேயே ஒருவர் ‘சார்ஜ்ட்’ ஆகிவிடுவதில்லை. ‘கன்விக்டட்’, அதாவது குற்றவாளியென்று காணப்படுவது, அதற்கும் பிறகு, தீர்ப்பில்.

இன்னொரு பொறி: ‘ஷீ இஸ் இன் சார்ஜ் ஒவ் த சில்ட்ரன்’ என்றால் பிள்ளைகளுக்கு அவள் பொறுப்பு. ‘ஷீ இஸ் இன் த சார்ஜ் ஒவ் ஹேர் ஆன்ட்’ என்றால் அவளே மாமியின் பொறுப்பில் இருக்கிறாள். ஒரு ‘த’ ஆளைத் தலைகீழாக்கிவிடும். பொலிஸ் நிலைய ஓ.ஐ.சி.யில் வரும் ‘ஐ.சி.’யும் இந்த ‘இன் சார்ஜ்’தான்; அதனால்தான் தமிழில் பொறுப்பதிகாரி.

‘சார்ஜ் இறங்கிட்டுது’ என்பதை ‘சார்ஜ் இஸ் கோன்’ என்று பெயர்க்க வேண்டாம். ‘த பற்றரி இஸ் டெட்’ போதும்.

கேள்வி: அப்படியானால் ‘டிஸ்சார்ஜ்’? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: ஏற்றியதை இறக்குவது. கப்பல் சரக்கை இறக்கினாலும், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டாலும், நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும் அதே சொல். ஆனால் காதுவலியென்று போன இடத்தில் டொக்டர் ‘எனி டிஸ்சார்ஜ்?’ என்று கேட்டால், வீட்டுக்குப் போகலாமென்று பையைத் தூக்காதீர்கள். காதிலிருந்து சீழோ நீரோ வடிகிறதா என்றுதான் கேட்கிறார். எவ்வளவு நாளாக, என்ன நிறம், மணம் உண்டா என்று சொல்லுங்கள்.