ஒலிப் பொத்தான்: நிறம் ஏறவில்லை, சத்தம் கலக்கிறது

வணக்கம். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக உயிரெழுத்து 12-க்கும் தட்டினால் சொல் ஒலிக்கும் பொத்தானை வெப் காம்பொனென்ட்டாக (நாமே உருவாக்கும் இணையப் பக்க உறுப்பாக) செய்திருக்கிறீர்கள். பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகளில்) மாற்றினாலும் பொத்தானின் நிறம் மாறவில்லை, வேகமாகத் தட்டினால் 'அம்மா'வும் 'ஆடு'ம் சேர்ந்தே ஒலிக்கின்றன என்கிறீர்கள்.

நிறத்துக்குத் தடை ஷேடோ டாம், அதாவது பொத்தானின் உள்ளமைப்பைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் பகுதி. பக்கத்தின் சிஎஸ்எஸ் விதிகள் அதற்குள் நுழையாது. சிஎஸ்எஸ் மாறிகள் நுழையும். பொத்தானுக்குள் பின்னணி நிறத்தை ஒரு மாறியிலிருந்து எடுங்கள், இயல்பு நிறத்தையும் அங்கேயே கொடுங்கள். நிறம், எழுத்தளவு, மூலை வளைவு என மூன்று மாறி போதும். அதற்கு மேல் போனால் பராமரிப்பது கடினம்.

சத்தம்தான் சிக்கலானது. டாக்குமெண்டில் (முழுப் பக்கத்தின் மட்டத்தில்) ஒலி தொடங்குவதைச் சொல்லும் 'ப்ளே' நிகழ்வைப் பிடிக்கப் பார்த்திருப்பீர்கள். அது மேலே குமிழாது (வெளி உறுப்புகளுக்குப் பரவாது), ஷேடோவையும் தாண்டாது. ஆகவே ஒலி தொடங்கும்போது பொத்தானே சொந்த நிகழ்வு ஒன்றை எழுப்பட்டும். அதில் 'பபுள்ஸ்' (மேலே குமிழ), 'கம்போஸ்டு' (ஷேடோவைத் தாண்ட) இரண்டும் ட்ரூ. எழுப்பியது எந்தப் பொத்தான் என்பதை, நிகழ்வோடு தகவல் கொண்டுபோகும் 'டீடெயில்' வழியாக அனுப்புங்கள். நிகழ்வை எழுப்பியது எது என்று சொல்லும் 'டார்கெட்'டை நம்ப வேண்டாம்; பொத்தான்களை நாளைக்கு இன்னொரு காம்பொனென்ட்டின் ஷேடோவுக்குள் வைத்தால் அது வேறொன்றைக் காட்டும். ஒவ்வொரு பொத்தானும் டாக்குமெண்டில் இதைக் கேட்டு, அனுப்பியது தானல்ல என்றால் தன் ஒலியை நிறுத்தி, ஒலியின் நேரத்தை 0 ஆக்கட்டும். பொத்தான் பக்கத்திலிருந்து நீங்கும்போது லிசனரை (நிகழ்வைக் கேட்கும் ஃபங்ஷனை) கழற்ற மறக்காதீர்கள். சேர்த்த அதே ஃபங்ஷனைக் கொடுத்தால்தான் கழலும். கழற்றும் இடத்தில் புதிதாக 'பைண்ட்' செய்தால் அது வேறொரு ஃபங்ஷன், கழலாது.

சொல்லின் கிரியோல் மொழிப் பொருளை 'ஸ்லாட்'டில் (பக்கத்திலிருந்து தரும் உள்ளடக்கம் பொத்தானுக்குள் அமரும் இடத்தில்) விடுங்கள். வரி உயரம் 1.5 வையுங்கள். 1 வைத்து ஓவர்ஃப்ளோவை மறைத்தால் 'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படும்.