கொடியை உடுத்தினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்: சூப்பர் ஹீரோ படங்களில் நாட்டுப்பற்று

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், அமெரிக்கக் கொடி நிற உடை அணியும் காமிக்ஸ் நாயகன் கேப்டன் அமெரிக்காவைப் பற்றியவை. அதனால் பதில்களும் அங்கேயே கூடுதல் நேரம் நிற்கின்றன.

கேள்வி: நாட்டுப்பற்று என்று வந்துவிட்டாலே எந்த மொழிப் படமானாலும் கதாநாயகன் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுகிறார். ‘கேப்டன் அமெரிக்கா’வில் உடம்பு முழுக்கக் கொடியின் நிறம்தான். ஆனாலும் அந்த உடைக்குள் இருக்கும் ஸ்டீவ் ராஜர்ஸ் உறுத்தவில்லையே, ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஜோ ஜான்ஸ்டன் இயக்கி 2011-ல் வந்த முதல் படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். திரைக்கதை எழுதிய கிறிஸ்டோபர் மார்கஸும் ஸ்டீபன் மெக்ஃபீலியும் ஸ்டீவுக்கு உடனே சக்தியைக் கொடுத்துவிடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அவனை நோஞ்சானாகவே நடமாட விடுகிறார்கள். ஆஸ்துமாக்காரன். பட்டாளத்தில் சேர ஊரை மாற்றி மாற்றி எழுதிக்கொடுத்துப் பார்க்கிறான், தேர்வில் தேறவில்லை. அவனைக் கண்டெடுக்கும், சக்தி தரும் மருந்தை உருவாக்கிய டாக்டர் எர்ஸ்கின், நாஜிகளைக் கொல்ல ஆசையா என்று கேட்கிறார். யாரையும் கொல்ல ஆசையில்லை, எளியவனை மிரட்டுகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பிடிக்காது என்பதுதான் பதிலின் சாரம். இவனுடைய நாட்டுப்பற்று எதிரி மீதான வெறுப்பில் தொடங்கவில்லை. படத்தின் அஸ்திவாரமே இந்த ஒரு பதில்தான்.

அடுத்து பயிற்சி முகாம். ஓட்டத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. வழியில் ஒரு கம்பம், உச்சியில் கொடி. அதை எடுத்து வருகிறவன் ஜீப்பில் திரும்பலாம் என்கிறார் சார்ஜென்ட். 17 வருஷமாக யாரும் எடுத்ததில்லையாம். வாட்டசாட்டமானவர்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள், வழுக்கி விழுகிறார்கள். எல்லோரும் விலகிய பிறகு ஸ்டீவ் கம்பத்தடிக்கு வருகிறான். அடியில் இருக்கும் முளையைக் கழற்றுகிறான். கம்பம் சாய்கிறது. கொடியை அவிழ்த்து சார்ஜென்ட் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்கிறான். அங்கே கொடி இருக்கிறது; கொடியைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை. அவனுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு கர்னல் பிலிப்ஸ் வீசும் டம்மி கையெறிகுண்டு. மற்றவர்கள் சிதறி ஓட, இவன் அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கையாட்டுகிறான். முதல் காட்சி புத்திக்கு, இரண்டாவது மனசுக்கு. இரண்டிலும் ‘நாடு’ என்ற சொல்லே வராது.

இதைவிட முக்கியமான இடம் சக்தி வந்த பிறகு வருகிறது. உடம்பு தேறியவனைப் போர்முனைக்கு அனுப்பாமல், போர்க்கடன் பத்திரம் விற்க ஆட்டக்காரிகளோடு மேடையேற்றுகிறார்கள். முதல் நிகழ்ச்சியில் பேச வேண்டிய வசனத்தைக் கேடயத்தின் பின்பக்கம் ஒட்டிவைத்துப் படிக்கிறான். இத்தாலியில் நிஜ வீரர்கள் முன்னால் அதே உடையோடு நின்றபோது கேலி செய்து விரட்டுகிறார்கள். மழையில் தனியாக உட்கார்ந்து, தன்னையே சர்க்கஸ் குரங்காக நோட்டில் வரைகிறான். கொடி உடையைப் பார்த்து நமக்கு வரக்கூடிய கூச்சம் முதலில் அவனுக்கே வந்துவிடுகிறது. அதனால்தான் உறுத்தவில்லை. அதன் பிறகு அவன் செய்யும் முதல் வீரச்செயல் என்ன? மேலதிகாரியின் பேச்சை மீறி, சிறைபட்ட படைப்பிரிவை மீட்கப் போவது. திரும்பி வந்ததும் தண்டனைக்குத் தானே முன்வந்து நிற்கிறான். மீறுவதும் அதற்கு விலை கொடுக்கத் தயாராக இருப்பதும் சேர்ந்தே வருவதுதான் இந்தப் பாத்திரத்தின் உயிர்.

கேள்வி: ஹிட்லரைக் கேப்டன் அமெரிக்கா குத்தும் காமிக்ஸ் அட்டைப்படம் போர்க்காலப் பிரச்சாரம்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: பிரச்சாரம்தான், ஆனால் அரசாங்கம் சொல்லிச் செய்தது அல்ல. முதல் இதழின் அட்டையில் இருக்கும் தேதி 1941 மார்ச். கடைக்கு வந்ததோ 1940 டிசம்பரில். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7. ஆக, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே அந்தக் குத்து விழுந்துவிட்டது. ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்ற குரல் அங்கே பலமாக ஒலித்த காலம் அது. படைத்த ஜோ சைமனும் ஜாக் கெர்பியும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஐரோப்பாவில் நடப்பது அவர்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. இதழ் வந்ததும் மிரட்டல்கள் வந்தன. தன் நாடு இன்னும் எடுக்காத நிலைப்பாட்டை நாட்டின் கொடியை உடுத்திக்கொண்டு எடுத்த பாத்திரம் என்பதை மறந்துவிட்டால் பின்னால் வரும் கதைகள் புரியாது.

1953–54-ல் இதே பாத்திரத்தைக் கம்யூனிஸ்டுகளை நொறுக்குகிறவராக மீண்டும் கொண்டுவந்தார்கள். அவர் பெயரில் வந்த பத்திரிகை மூன்று இதழ்களோடு நின்றுபோனது. அரசாங்கத்தின் எதிரியே தன் எதிரி என்று வைத்தால் பாத்திரத்துக்குள் ஒன்றுமே மிஞ்சாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிற்பாடு வந்த எழுத்தாளர்கள், அது ஸ்டீவே அல்ல, வேறோர் ஆள் என்று கதையை மாற்றி எழுதிவிட்டார்கள்.

கேள்வி: அரசாங்கத்தையே எதிர்ப்பவரை எப்படி நாட்டுப்பற்றுள்ளவர் என்று சொல்வது? 2014 படத்திலும் 2016 படத்திலும் அதைத்தானே செய்கிறார்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாட்டையும் அரசாங்கத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள் இந்தக் கதாசிரியர்கள். வாட்டர்கேட் ஊழல் நடந்த காலத்தில் எழுதிய ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், ஒரு ரகசியச் சதியின் தலைவன் வெள்ளை மாளிகைக்குள்ளேயே இருப்பதாகக் கதை வைத்தார். அதைக் கண்ட ஸ்டீவ் 1974-ல் கொடி உடையைக் கழற்றி எறிந்துவிட்டு, நோமட் என்ற வேறு பெயரில் சில இதழ்கள் அலைகிறார். நாடோடி என்று அர்த்தம்.

2014 படம் (‘தி விண்டர் சோல்ஜர்’) அந்த மரபில் வந்தது. குற்றம் செய்வதற்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்துச் சுட மூன்று பறக்கும் போர்க்கப்பல்கள் தயாராகின்றன, பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். இதில் உடையைக் கவனியுங்கள். உளவு அமைப்புக்காக வேலை செய்யும்போது சிவப்பு நிறமே இல்லாத கருநீல உடை. அமைப்பை எதிர்த்து நிற்க முடிவெடுத்ததும் அருங்காட்சியகத்துக்குப் போய் 1940-களின் பழைய உடையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அவர் எங்கே நிற்கிறார் என்பதை வசனமே இல்லாமல் துணியே சொல்லிவிடுகிறது.

2016 படம் (‘சிவில் வார்’) கொஞ்சம் சிக்கலானது. சூப்பர் ஹீரோக்களை ஐ.நா. கட்டுப்பாட்டில் வைக்க 117 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மறுக்கிறார். கொள்கை சரியா தவறா என்று வாதிக்கலாம். ஆனால் நண்பன் பக்கி மீதுள்ள பாசம் அவர் கண்ணை எந்த அளவுக்கு மறைக்கிறது என்பதையும் படம் காட்டுகிறது. சக வீரர் டோனியின் (அயர்ன் மேன்) பெற்றோர் பக்கியால் கொல்லப்பட்ட உண்மையை மறைத்தது அவர் செய்த பிழை, அதைப் படம் பிழையாகவே வைத்திருக்கிறது. கறையே இல்லாத தேசபக்தனை எழுதியிருந்தால் அந்தக் கடைசிச் சண்டைக்கு எடையே இருந்திருக்காது.

கேள்வி: 2021-ன் ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்’ தொடரில் வரும் ஜான் வாக்கரும் வீரர்தானே? அவரை ஏன் நமக்குப் பிடிக்கவில்லை?
– வாசகர், கொழும்பு

பதில்: வாக்கர் கெட்டவர் இல்லை. மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை மூன்று முறை வாங்கியவர். அவரைப் புதிய கேப்டன் அமெரிக்காவாக்கி, அவரிடம் கேடயத்தைக் கொடுத்தது அரசாங்கம். மருந்தை எடுத்துக்கொண்டது அவரே. ஸ்டீவுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு: பலமில்லாமல் வாழ்ந்து பழகியவனுக்குத்தான் பலத்தின் அருமை தெரியும் என்று ஒரு டாக்டர் தேடித் தேர்ந்தெடுத்தார். நான்காவது பகுதியில் நண்பன் செத்த ஆத்திரத்தில், சரணடைந்து கீழே கிடக்கும் ஒருவனைச் சதுக்கத்தில் எல்லோரும் பார்க்க வாக்கர் கேடயத்தாலேயே அடித்துக் கொல்கிறார். நட்சத்திரம் பொறித்த கேடயத்தின் விளிம்பில் ரத்தம். சுற்றிலும் கைபேசிகள் படம் பிடிக்கின்றன. அதே தொடரில் வரும் ஐசையா பிராட்லி என்ற கறுப்பின வீரரையும் விட்டுவிடாதீர்கள். 2003-ல் ராபர்ட் மொரேல்ஸ் எழுதி கைல் பேக்கர் வரைந்த காமிக்ஸில் வந்தவர் அவர். கறுப்பின வீரர்களின் உடம்பில் மருந்தைச் சோதித்துப் பார்த்த நாட்டை அவர் எப்படி நேசிப்பார் என்ற கேள்விக்குத் தொடர் சுலபமான பதில் தரவில்லை. அது அதன் பெருமை.

கேள்வி: ஹாலிவுட் படங்களுக்கு அமெரிக்க ராணுவம் உதவுகிறதாமே, உண்மையா?
– வாசகர், சென்னை

பதில்: உண்மை. விமானம், தளம், கப்பல் வேண்டுமென்றால் தயாரிப்பாளர் திரைக்கதையைப் பாதுகாப்புத் துறையிடம் கொடுக்க வேண்டும். மாற்றம் கேட்பார்கள். ஒத்துக்கொண்டால் உதவி, இல்லையென்றால் இல்லை. 2008-ல் வந்த ‘அயர்ன் மேன்’ எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் படமானது. 2019-ன் ‘கேப்டன் மார்வெல்’ படத்துக்கும் விமானப்படை கைகொடுத்தது. 2012-ன் ‘அவெஞ்சர்ஸ்’ படத்திலிருந்து மட்டும் ராணுவம் விலகிக்கொண்டது. கதையில் வரும் ஷீல்டு என்ற உளவு அமைப்பு யாருக்குக் கட்டுப்பட்டது, ராணுவம் அதற்குக் கீழா மேலா என்று புரியவில்லை என்பதே காரணம். இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தால் போதும்: சீருடை போட்டவர் யாராவது தவறான முடிவெடுத்து, அதன் விளைவைப் படம் காட்டுகிறதா?

கேள்வி: 20 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். பட்டாளத்தில் சேர முடியாத இளைஞனுக்குச் சக்தி கிடைக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் பிரச்சார நெடி என்கிறார்கள். எங்கே திருத்துவது?
– வாசகர், மதுரை

பதில்: திரைக்கதையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் வாயில் வரும் நாடு, தேசம், தாய்மண், இந்தியன் என்ற சொற்களை எல்லாம் சிவப்பு மையால் அடியுங்கள். அதன் பிறகும் கதை புரிந்தால் எலும்பு உறுதியாக இருக்கிறது. புரியவில்லை என்றால் காட்சி செய்ய வேண்டிய வேலையை வசனம் செய்துகொண்டிருந்தது என்று பொருள். ஒரே ஒரு சொல்லைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் வேறொருவர் வாயில்.

ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்தால் உங்களுக்கு 20 பக்கம். ஆறாம் பக்கத்துக்கு முன்னால் சக்தி வர வேண்டாம். அந்த ஐந்து பக்கத்துக்குள் அவன் தானாக முடிவெடுக்கும் இரண்டு காட்சிகள் வேண்டும். ஒன்றில் அவன் எதையாவது இழக்க வேண்டும், அந்த இழப்பு கடைசிவரை திரும்பி வரக்கூடாது. பெரும்பாலான குறும்படங்கள் சறுக்குவது இங்கேதான்: வேலை, காதல், அம்மாவின் மன்னிப்பு என்று எல்லாவற்றையும் கடைசிக் காட்சியில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்போது தியாகம் வெறும் கடன் ஆகிவிடுகிறது.

நாட்டுக்குத் திரையில் முகம் கிடையாது. ஒரு தெருவுக்கு உண்டு. அவன் யாருக்காக நிற்கிறான் என்பதை மூன்று நான்கு ஆட்களாக, ஒரு குழாயடியாக, ஒரு டீக்கடையாகக் காட்டுங்கள். வில்லனின் ஊர், மொழி, மதத்தைச் சேர்ந்த இன்னொருவரை நாயகன் பக்கம் நிறுத்துங்கள். எர்ஸ்கின் ஜெர்மானியர் என்பதை நினைவில் வையுங்கள். நாஜிகள் முதலில் பிடித்தது தங்கள் சொந்த நாட்டைத்தான் என்று அந்தப் படத்தில் சொல்பவரே அவர்தான். அந்த ஒரு பாத்திரத்தால் படம் ஒரு இனத்தைத் திட்டும் படமாகாமல் தப்பியது.

முக்கியக் காட்சியை முதலில் இசை சேர்க்காமல் எடிட் செய்து பாருங்கள். தாழ்ந்த கோணம், ஸ்லோ மோஷன், பின்னணியில் கோரஸ் மூன்றையும் எடுத்த பிறகு நெஞ்சைத் தொடவில்லை என்றால் எழுத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இன்னொன்று, சட்டம். கேப்டன் அமெரிக்காவைப் பார்த்து மூவர்ணக் கொடியிலேயே உடை தைத்துவிடாதீர்கள். 1971-ம் வருஷத்து தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 2005 திருத்தத்தோடு, இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடியைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. வேண்டுமென்றே கொடியைத் தரையில் பட விடுவதும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. அந்தக் கம்பத்தைச் சாய்க்கும் காட்சியைப் போல ஒன்று எடுக்கும் எண்ணமிருந்தால், உச்சியில் தேசியக் கொடி வேண்டாம். பயிற்சிப் பள்ளியின் கொடியை வையுங்கள்.

கேள்வி: சூப்பர்மேன், வொண்டர் வுமன் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்களா?
– வாசகர், சேலம்

பதில்: ஓரளவு. உண்மை, நீதி, அமெரிக்க வழி என்று சூப்பர்மேனோடு ஒட்டிக்கொண்ட முழக்கம் 1940-களின் வானொலித் தொடரில் பிறந்தது. 2021-ல் கடைசிப் பகுதியை ‘இன்னும் நல்ல நாளை’ என்ற பொருளில் மாற்றினார்கள். நட்சத்திரம் பதித்த உடையோடு 1941-ல் அறிமுகமான வொண்டர் வுமனை, 2017 படம் முதல் உலகப்போருக்குக் கொண்டுபோய், உடையிலிருந்த நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டது. இரு தரப்பு அகழிகளுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் அவர் நடந்து போகும் காட்சிக்கு அந்த மாற்றம் மிகவும் பொருந்தியது.

கேள்வி: கேப்டன் அமெரிக்காவின் கேடயம் முதலில் வட்டமாக இல்லையாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதல் இதழில் அடி குறுகிய முக்கோண வடிவம்தான். அதற்கு முந்தைய வருஷமே வேறொரு பதிப்பகம் வெளியிட்டிருந்த ‘தி ஷீல்டு’ என்ற நாயகனின் மார்புக் கவசம் அதே வடிவில் இருந்ததால் அவர்கள் ஆட்சேபித்தார்கள். இரண்டாம் இதழிலேயே வட்டமாக்கிவிட்டார்கள். எறிந்தால் திரும்பி வரும் ஆயுதமாக அது மாறியதற்கு இந்த மாற்றமே வழிவிட்டது. 2011 படத்தில் மேடையில் அவன் பிடித்திருப்பது பழைய முக்கோணக் கேடயம். படைப்பிரிவை மீட்கப் போகும்போதும் அந்த மேடைப்பொருளைத்தான் எடுத்துப் போகிறான். வில்லன் ரெட் ஸ்கல்லின் குத்தில் அது நெளிந்து போகிறது. வட்டக் கேடயம் கைக்கு வருவது அதற்குப் பிறகுதான்.